ஒரே ஆள் நடிகர், எழுத்தாளர், வானொலிக்காரர் என்று மூன்று வேலை பார்த்தால் எதிலாவது உருப்பட முடியுமா? பிரெஞ்சு நடிகர் ழான் யான் ஒரு விதிவிலக்குதானே?

உருப்பட முடியும். ஆனால் "விதிவிலக்கு" என்று சொல்லி அவரை ஓரமாக ஒதுக்கி வைப்பதை என்னால் ஏற்க முடியாது. பிரெஞ்சு சினிமா பற்றித் தமிழில் எழுதுபவர்கள் ழான் யானை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்: "இயக்குநர் ஷாப்ரோலின் படத்தில் வரும் கசாப்புக்காரர்." பிரான்சிலேயே ஒரு தலைமுறை அவரை வானொலியில் நையாண்டி செய்தவர் என்று மட்டும் நினைவில் வைத்திருக்கிறது. இரண்டு தரப்பும் பாதி ஆளைத்தான் பார்க்கிறது.

நீங்கள் அநேகமாக ஏதோ ஒரு பண்பலையில் நிகழ்ச்சி நடத்திக்கொண்டே கதை எழுதுபவராகவோ, குறும்படத்தில் நடிப்பவராகவோ இருக்க வேண்டும். "ஒன்றைப் பிடித்துக்கொள்" என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அதனால் அவர் வாழ்க்கைக் குறிப்போடு நிறுத்தாமல், அந்த மூன்று வேலையும் எப்படி ஒன்றையொன்று தாங்கின என்பதைச் சொல்கிறேன். தேவையான அளவுக்குத் தொழில்நுட்பமும் வரும்.

குறிப்பு முதலில். பிறப்பு 1933 ஜூலை 18, பாரிஸை ஒட்டிய லே லிலாவில். இயற்பெயர் ழான் கூயே. பாரிஸின் பத்திரிகையாளர் பயிற்சி மையத்தில் சேர்ந்து படித்தார். பிறகு 1950களில் இரவு விடுதி மேடைகளுக்குப் போய் நகைச்சுவைத் துணுக்குகளும் பாட்டுகளும் எழுதினார், தானே மேடையேறினார். 1964இல் ஆலென் ழெஸ்ஸுவாவின் படம் ஒன்றில் முதன்முதலாக நடித்தார். அதே ஆண்டு நகைச்சுவையாளர் ழாக் மர்த்தேனுடன் சேர்ந்து அரசுத் தொலைக்காட்சியில் ஒரு நையாண்டி நிகழ்ச்சி செய்தார். சில பகுதிகள் போவதற்குள் நிறுத்திவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கட்டுரைகள் "தடை செய்யப்பட்டது, பிறகு வானொலிக்குப் போனார்" என்று தாண்டிப் போகின்றன. தொலைக்காட்சியில் தடுக்கப்பட்டவருக்கு வானொலி மட்டும் எப்படித் திறந்திருந்தது? அது புரியாமல் அவர் தொழிலே புரியாது.

அந்தக் காலத்தில் பிரெஞ்சு மண்ணில் ஒலிபரப்பும் உரிமை அரசுக்கு மட்டும்தான். 1964 முதல் 1974 வரை அந்த நிறுவனத்தின் பெயர் ஓ.ஆர்.டி.எஃப். தனியார் வானொலிக்கு பிரான்சுக்குள் கோபுரம் நட அனுமதி இல்லை. 1981, 82இல்தான் அந்தக் கதவு திறந்தது. ஆனால் எல்லைக்கு வெளியே நட்டால்? ஆர்.டி.எல். நிலையத்தின் கோபுரம் லக்சம்பர்க்கில், 1293 மீட்டர் நெட்டலையில் (லாங் வேவ்). யூரோப் 1 நிலையத்தின் கோபுரம் ஜெர்மனியின் சார் பகுதியில், 1647 மீட்டரில். ஸ்டூடியோ மட்டும் பாரிஸ் நடுவில்: ஆர்.டி.எல்.லுக்கு பயார் தெரு, யூரோப் 1க்கு பிரான்சுவா முதலாம் தெரு. பேச்சு பாரிஸிலிருந்து கம்பி வழியே எல்லை தாண்டிப் போய், அங்கிருந்து அலையாகத் திரும்பி வந்து பிரான்ஸ் முழுவதும் கேட்கும். வருமானம் விளம்பரம். அரசுத் தொலைக்காட்சியில் வணிகப் பொருட்களுக்கு விளம்பரமே 1968 அக்டோபரில்தான் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆக, அமைச்சகத்தின் கை நேரடியாக எட்டாத இடம் அது. முழுச் சுதந்திரம் என்றும் சொல்ல முடியாது. கம்பி அரசு அஞ்சல் துறையுடையது. யூரோப் 1இல் அரசுக்கு மறைமுகமாகப் பங்கும் இருந்தது. 1968 மே மாதத்தில் தெருப் போராட்டங்களை நேரடியாகச் சொல்லிக்கொண்டிருந்த இந்த நிலையங்களின் கார்களுக்கான ரேடியோ அலைவரிசையை அரசு பறித்தது. நிருபர்கள் பக்கத்து வீட்டுத் தொலைபேசிகளிலிருந்து பேசினார்கள். "தடை செய்வது தடை" என்ற அந்த மே மாதச் சுவர் வாசகத்தை ஆர்.டி.எல்.லில் முதலில் வேடிக்கையாகச் சொன்னவர் யான்தான் என்று சொல்வார்கள். சுவரில் எழுதியவர்கள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த நெட்டலை விஷயம் அவர் நடிப்புக்கும் சம்பந்தப்பட்டது. நெட்டலைக்கு ஒதுக்கும் அலை அகலம் 9 கிலோஹெர்ட்ஸ். வீட்டுப் பெட்டியில் 4, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றும் கேட்காது. ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகளின் கூர்மை போய்விடும். சின்ன டிரான்சிஸ்டர் பெட்டியின் ஒலிபெருக்கி, அடித்தொண்டைக் கனத்தையும் விழுங்கிவிடும். மிச்சம் இருப்பது நடுப்பகுதியும் தாளமும். கத்தினால் ஒலி உடையும். கிசுகிசுத்தால் இரைச்சலில் காணாமல் போகும். கேட்பவர் சமையலறையிலோ காரிலோ இருப்பார், முகம் தெரியாது. எனவே மூன்று நிமிடத் துணுக்கு ஒன்றில் முதல் இரண்டு வரிக்குள் யார் பேசுகிறார், எங்கே நிற்கிறார், எதற்கு எரிச்சல் என்பது தெரிந்துவிட வேண்டும். இரண்டு குரல் என்றால் இரண்டும் வேகத்தில் வேறுபட வேண்டும். சுருதியில் மட்டும் வேறுபட்டால் போதாது. மௌனத்தை இரண்டு மூன்று நொடிக்கு மேல் இழுத்தால் நிலையம் நின்றுவிட்டதென்று குமிழைத் திருகுவார்கள்.

யானின் பேச்சைக் கேளுங்கள். சமமான, சலித்த தொனி. வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் ஏற்றம் கிடையாது, கீழே போட்டுவிடுவார். சிரிப்பு வரவேண்டிய சொல்லுக்கு முன்னால் நிறுத்தவே மாட்டார். மேடைக்காரர்கள் அங்கே நிறுத்திக் கைதட்டலுக்குக் காத்திருப்பார்கள். வானொலியில் கைதட்டல் கிடையாது, காத்திருந்தால் ஓட்டைதான் விழும். இந்தப் பழக்கம் கேமரா முன்னால் வந்தபோது பயங்கரமான ஆயுதமானது. எவ்வளவு கொடுமையான வசனத்தையும் விலைப்பட்டியல் படிப்பது போலச் சொல்ல அவரால் முடிந்தது.

உதாரணங்களைச் சொன்னால்தான் நம்புவீர்கள். ஷாப்ரோலின் 1969 படத்தில் (மகனைக் கார் ஏற்றிக் கொன்றவனைத் தேடும் தந்தையின் கதை) யான் வருவதே தாமதமாகத்தான். வந்ததும் குடும்பச் சாப்பாட்டு மேசை. மனைவி செய்த குழம்பு தண்ணீராக இருக்கிறது, வற்ற வைக்கவில்லை என்று விருந்தாளிகள் முன்னால் பாடம் எடுக்கிறார். கை ஓங்குவதில்லை. பேச்சினாலேயே அந்த மேசையில் உள்ள எல்லாரையும் ஒடுக்குகிறார். யார், எங்கே, எதற்கு எரிச்சல் என்பது வந்தவுடனே தெரிந்துவிடுகிறது. மேலே சொன்ன துணுக்கு இலக்கணம் அப்படியே இருக்கிறது.

அடுத்தது 1970இல் வந்த "கசாப்புக்காரன்". தோர்தோஞ் பகுதியில் திரெமோலா என்ற உண்மையான கிராமத்தில் எடுத்தது. கல்யாண விருந்துக் காட்சியில் ஊர்க்காரர்களே இருக்கிறார்கள். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் போர் செய்து திரும்பிய போப்போல் என்ற கசாப்புக்காரனாக யான். பள்ளித் தலைமையாசிரியையாக ஸ்தெஃபான் ஓத்ரான். (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) முடிவில் கத்திக்குத்துக் காயத்தோடு அவன் காரில் கிடக்க, அவள் மருத்துவமனைக்கு ஓட்டுகிறாள். இருட்டு. முகம் பாதிதான் தெரிகிறது. இரத்தத்தின் வாடையைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறான். அந்தக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள், ஒன்றும் குறையாது. வானொலியில் வளர்ந்த நடிகரால்தான் அதைச் செய்ய முடியும் என்பது என் உறுதியான எண்ணம். ஷாப்ரோலின் திறமையைக் குறைப்பதாகச் சண்டைக்கு வராதீர்கள். அந்தக் குரலை அங்கே வைக்கலாம் என்று கண்டுபிடித்தவர் அவர்தான்.

மூன்றாவது, 1972இல் மொரீஸ் பியாலா எடுத்த படம். மர்லேன் ழொபேருடன். பியாலா தன் சொந்தக் காதல் முறிவை எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. நாயகன் பெயரும் ழான். நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து அந்தப் பெண்ணைத் திட்டும் நீண்ட காட்சிக்காகவே படிக்க வேண்டிய நடிப்பு. இயக்குநருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. கான் திரைப்பட விழா அவருக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தது; வாங்க அவர் போகவில்லை. இதைத் திமிர் என்று எழுதுகிறார்கள். பியாலாவின் முகமூடியைப் போட்டுக்கொண்டு ஒரு படம் முழுக்க நடித்தவர், அதற்கான பாராட்டை வாங்க மேடையேற விரும்பாதது எனக்குப் புரிகிறது.

அதே 1972இல் அவர் தானே எழுதி, இயக்கி, நடித்த முதல் படமும் வந்தது. தலைப்பைத் தமிழில் "எல்லாரும் அழகு, எல்லாரும் நல்லவங்க" என்று சொல்லலாம். பிரான்சில் சுமார் 40 லட்சம் டிக்கெட் விற்றது. கதைக்களம் ரேடியோ பிளஸ் என்ற கற்பனை நிலையம். யேசு பெயரில் எது விற்றாலும் போகிறது என்று கண்டுகொண்ட நிர்வாகம் எல்லா நிகழ்ச்சியிலும் யேசுவைப் போட்டு விளம்பரம் விற்கிறது. ஒத்துப்போகாத நிருபர் வேலையிழக்கிறார். பிறகு அவரையே நிலைய இயக்குநராக்குகிறார்கள். அவர் உண்மையை மட்டும் சொல்லுங்கள் என்கிறார். விளம்பரதாரர்களும் அரசியல்வாதிகளும் பொறுக்கவில்லை. பெர்னார் பிளியே, மிஷேல் செரோ இருவரும் இருக்கிறார்கள். திரைக்கதையில் பங்காளி ழேரார் சீர், அவரும் வானொலிக்காரர். அந்தப் படத்தின் ஸ்டூடியோ, கூட்ட அறை, விளம்பரப் பாட்டு எல்லாம் உள்ளேயிருந்து பார்த்தவர்கள் எழுதியது. நீங்கள் பண்பலையில் இருப்பவர் என்றால் இங்கிருந்து தொடங்குங்கள்.

இனி பணம். யாரும் இதைச் சொல்வதில்லை. பிரெஞ்சுச் சட்டத்தில் 1957 முதல் ஒரு படத்தின் ஆசிரியர்கள் என்று கருதப்படுபவர்கள்: திரைக்கதை, தழுவல், வசனம் எழுதியவர்கள், படத்துக்கென்று இசையமைத்தவர், இயக்குநர். நடிகர் அந்தப் பட்டியலில் இல்லை. நடிகருக்கென்று சட்டப்படியான அண்டை உரிமை (ஆசிரியர் உரிமைக்கு அடுத்தபடியாக நடித்தவருக்குத் தரும் உரிமை) 1985 ஜூலை 3ஆம் தேதிச் சட்டத்தில்தான் வந்தது. அதற்கு முன் நடித்தவருக்குப் பேசிய சம்பளத்தோடு சரி. படம் எத்தனை முறை தொலைக்காட்சியில் போனாலும் பங்கு கேட்கச் சட்டம் துணை நிற்காது. வசனம் எழுதியவருக்கோ ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் பங்கு வரும். நாடகம், திரைக்கதை உரிமையை எஸ்.ஏ.சி.டி. என்ற சங்கம் வசூலிக்கிறது. 1777இல் நாடகாசிரியர் போமார்ஷே தொடங்கி வைத்த முயற்சியின் வாரிசு அது. பாட்டு, இசை உரிமையை 1851இல் பிறந்த சாசெம் வசூலிக்கிறது. அதனால் மேடையில் பேசியதை எழுதிப் பதிவது, பாட்டுக்கு வரி எழுதுவது, படத்துக்கு வசனம் எழுதுவது எல்லாம் பிழைக்கத் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. ஆசை அதிகமாகிப் பல குதிரையில் ஏறினார் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

இன்றைக்கு அங்கே நடிப்பவருக்கு வேறொரு தாங்குதளம் இருக்கிறது. 12 மாதத்தில் 507 மணி நேர வேலை காட்டினால், வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை. ஒரு நாள் நடிப்புக்கூலி 12 மணி நேரமாகக் கணக்கிடப்படும். அதாவது 43 கூலி நாட்கள். இதில் இடறும் இடம், எழுத்துக்கு வரும் உரிமைத் தொகை இந்த 507க்குள் சேராது என்பது. ஒரு வருடம் உட்கார்ந்து நாவல் எழுதினால் புத்தகம் கிடைக்கும், உதவித்தொகை போய்விடும்.

தயாரிப்பிலும் இறங்கினார். பிரான்சில் விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலிருந்தும் ஒரு பங்கு தேசியத் திரைப்பட மையத்துக்குப் போகிறது. ஓடிய படத்தின் தயாரிப்பாளருக்கு அதிலிருந்து ஒரு தொகை ஒதுக்கப்படும். ஆனால் அதை அடுத்த படத்தில் போடத்தான் எடுக்கலாம். சிரிப்புப் படத்தின் வெற்றி இன்னொருவரின் கடினமான படத்துக்குக் காசாக மாற வழி இருக்கும் ஏற்பாடு இது. இயக்குநர் ரொபேர் பிரெசோன் பல ஆண்டுகளாக மனதில் வைத்திருந்த, ஆர்தர் மன்னர் கதையின் வீரன் லான்ஸ்லோ பற்றிய படம் 1974இல் வந்தபோது அதன் தயாரிப்பாளர்களில் யானும் ஒருவர். பிரெசோனை வணங்குபவர்கள் யான் பெயரைச் சொல்லும்போது முகம் சுளிப்பதைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

குறைகளை மறைக்கவில்லை. 1972க்கும் 1985க்கும் இடையில் அவர் ஏழு படங்கள் இயக்கினார். எல்லாம் ஒரே தரமில்லை. 1974இல் வந்த, சீனப் படை பாரிஸைப் பிடிக்கும் படத்துக்குச் சீனத் தூதரகமே எதிர்ப்புத் தெரிவித்தது. உண்மையில் அது 1940 முதல் 1944 வரை ஜெர்மானியரோடு ஒத்துழைத்த பிரெஞ்சுக்காரர்களைப் பற்றியது: மொட்டைக் கடிதம் போடுபவர்கள், புது எஜமானர்களுக்கு அடுப்புக் குழாய் செய்து கொடுக்கும் நாடு. கூர்மையான எண்ணம்தான். ஆனால் சீனர்களைக் காட்டும் விதம் அன்றைக்கே மலிவு, இன்றைக்குப் பார்க்கக் கூச வைக்கிறது. அதைத் தாங்கிப் பேச மாட்டேன். ழேரார் சீர் 1977இல் இறந்தார். அதற்குப் பிறகு வந்த படங்களில், "இது வேண்டாம்" என்று சொல்ல எதிரே ஆள் இல்லாதது தெரிகிறது. 1982இல் வந்த, பழைய ரோமாபுரிக் காலத்தைக் கேலி செய்யும் படமும் 40 லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றது. இருந்தும் முதல் படத்தின் கோபம் அதில் இல்லை. பல வேலை பார்ப்பவருக்கு உண்மையான ஆபத்து இதுதான். நேரம் போதாமல் போவது இரண்டாம் பட்சம். எழுதுபவர், இயக்குபவர், நடிப்பவர், காசு போடுபவர் நான்கு பேரும் ஒரே ஆளாகிவிட்டால் வெட்டச் சொல்ல யாரும் மிஞ்சுவதில்லை.

அவர் மீண்டதும் இதற்கு அத்தாட்சி. 1970களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபோனார். வானொலியை விடவில்லை, ஆர்.டி.எல்.லில் 1977இல் தொடங்கிய பிலிப் புவாரின் அரட்டை நிகழ்ச்சியில் வழக்கமான குரல்களில் ஒன்றானார். இயக்குவதை நிறுத்தி, மற்றவர்களின் படங்களில் நடிக்க வந்தார். 1991இல் ஷாப்ரோலின் "மதாம் பொவாரி"யில் மருந்துக்கடைக்காரர் ஓமே. 1992இல் "இந்தோசீனா"வில் காவல்துறை அதிகாரி. 1994இல் ழாக் ஓதியாரின் முதல் படத்தில் விற்பனைப் பிரதிநிதி. ஓதியார் படத்தைக் கட்டாயம் பாருங்கள். பல வருட வானொலிச் சலிப்பு ஒரு களைத்த மனிதனின் மூச்சாக மாறியிருக்கும். 2003 மே 23இல் இறந்தார், 69 வயது. அவர் எழுத்தில் அகராதி வடிவக் கிண்டல், சிந்தனைத் தொகுப்பு, தித்தோ தோபேன் வரைந்த படக்கதைகளுக்கான வசனம் எல்லாம் உண்டு. பிரெஞ்சு நன்றாகத் தெரிந்தால் ஒழிய அவற்றிலிருந்து தொடங்காதீர்கள். அன்றைய அமைச்சர், அன்றைய சோப்பு விளம்பரம் தெரியாமல் பாதி விளங்காது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. இந்தப் படங்களின் பழைய ஐரோப்பிய டிவிடிகளிலிருந்து எடுத்தவற்றை இணையத்தில் ஏற்றுகிறார்கள், திரையிடல் குழுக்களும் அதையே போடுகின்றன. அந்த டிவிடிகள் 25 பிரேம் முறையில் ஓடுபவை. 24 பிரேமில் எடுத்த படம் அதில் 4 சதவீதம் வேகமாக ஓடும். 100 நிமிடப் படம் 96இல் முடியும். குரல் அரைச்சுருதியில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறிவிடும். குரலே தொழிலான நடிகருக்கு இது அநியாயம். அந்தச் சலித்த தொனி சிடுசிடுப்பாகக் கேட்கும், பார்ப்பவர் "மிகை நடிப்பு" என்று எழுதிவிட்டுப் போகிறார். கூடவே 1.66 அகல விகிதத்தில் எடுத்த படத்தை அகலத்திரைக்கு நிரப்ப மேலும் கீழும் வெட்டுகிறார்கள். உயரத்தில் 6, 7 சதவீதம் போய்விடுகிறது.

சரிசெய்யும் வழி இருக்கிறது. ப்ளூரே கிடைத்தால் அதையே எடுங்கள், பெரும்பாலும் 24 பிரேமில்தான் இருக்கும். டிவிடிதான் கையில் என்றால் கணினியில் படம் ஓட்டும் வி.எல்.சி. செயலியில் வேகத்தை 0.96 ஆக வையுங்கள். அமைப்புகளில் ஒலிப் பிரிவுக்குள் வேகம் மாறினாலும் சுருதியை அப்படியே வைக்கும் தேர்வு ஒன்று இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதை அணைத்துவிடுங்கள், அணைக்காவிட்டால் படம் மெதுவாகும், குரல் மட்டும் ஏறியபடியே இருக்கும். பழைய தொலைக்காட்சி, வானொலிப் பதிவுகளுக்கு பிரெஞ்சு ஒலிஒளி ஆவணக்காப்பகமான இனாவின் தளத்தில் அவர் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் இட்டுத் தேடுங்கள். அரசு நிலையங்களில் போனவைதான் அங்கே அதிகம். வானொலிக்கான சட்டப்படியான சேமிப்பு 1992 சட்டத்தில்தான் வந்தது என்பதால், 60களில் ஆர்.டி.எல்.லில் பேசியதை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். அவற்றில் இசைத்தட்டாக வெளியானவை மட்டுமே எளிதில் கிடைக்கும்.